விழிப்புணர்வு பேனர் மாதிரி ஆகாம ஒரு போஸ்டர் பண்றது எப்படிங்க?

டிடிபி தேவி எழுதியது:

வணக்கம்ங்க. ஈரோடு பக்கம் டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி பேனர்னு ஓடுது. கோரல் டிராவும் போட்டோஷாப்பும் கண்ணை மூடிட்டுப் பண்ணுவேன், அதுல சந்தேகம் இல்லை.

இப்ப வந்திருக்கிற வேலைதான் புதுசு. தூய்மைப் பணியாளர் சங்கத்துக்காரங்க ஒரு மண்டபத்துல கண்காட்சி வைக்கிறாங்க. பாதாளச் சாக்கடையிலயும் செப்டிக் டேங்க்லயும் இறங்கி செத்தவங்களைப் பத்தி. "வர்றவங்க நின்னு பார்க்கணும், அப்படி ஏழெட்டு போஸ்டர் போட்டுக் குடு கண்ணு"ன்னு சொன்னாங்க. பிரிண்டிங் செலவு அவங்களோடது, டிசைனுக்கு நான் காசு கேட்கல.

ஒண்ணு போட்டுப் பார்த்தேன். மேன்ஹோல்ல மார்பு வரைக்கும் இறங்கி நிக்கிற ஒருத்தர் போட்டோ. மேல சிவப்பு எழுத்து, மஞ்சள் ஸ்ட்ரோக், டிராப் ஷேடோ: "இவரும் மனிதர்தானே! எங்கே நம் மனசாட்சி?" ஓரத்துல ஒரு கண்ணீர்த் துளி. சங்கச் செயலாளர் பார்த்துட்டு "நல்லாருக்கும்மா"ன்னார். சொல்லி முடிக்கிறதுக்குள்ள கண்ணு போனுக்குப் போயிருச்சு. என் தம்பி இன்னும் மோசம். "ஹெல்மெட் போடுங்கன்னு டிராபிக் போலீஸ் வைக்கிற பேனர் மாதிரி இருக்கு"ங்கறான்.

நெட்ல தேடினா பார்பரா க்ரூகர்னு ஒரு அமெரிக்கக்காரம்மா படங்கள் வருது. கருப்பு வெள்ளை போட்டோ, மேல சிவப்புப் பட்டை, அதுல வெள்ளை எழுத்து. அவ்வளவுதான் இருக்கு, ஆனா நகர முடியல. அதே ஸ்டைல்ல நானும் பண்ணிடலாமா? முதல்ல வாசகத்தை யோசிக்கணுமா, படத்தையா? அவங்க பண்ணினா குத்துது, நாம பண்ணினா விழிப்புணர்வு வாரம் ஆயிடுதே, ஏன்?


பழைய லேஅவுட்காரன் எழுதியது:

தேவிம்மா, நான் ஒரு வாரப் பத்திரிகையில் லேஅவுட் மேசையில் காலம் தள்ளினவன். பிராமைட் தாளை பிளேடால் வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டின காலம். அதனால் தொழில்காரனாகவே பேசுகிறேன், கலை விமரிசகனாக இல்லை.

உங்கள் போஸ்டரில் படம் "பாவம்" என்கிறது. எழுத்தும் "பாவம்" என்கிறது. கண்ணீர்த் துளி மூன்றாவது தடவை சொல்கிறது. பார்க்கிறவனுக்குச் செய்ய வேலையே மிச்சமில்லை. ஒப்புக்கொண்டு தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறான். உங்கள் செயலாளர் செய்ததும் அதுதான், அவர்மேல் தப்பில்லை.

ஜான் ஹார்ட்ஃபீல்ட் என்று ஒரு ஜெர்மன்காரர். பிறந்த பெயர் ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். முதல் உலகப் போரில் ஊரே இங்கிலாந்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அதற்கு எதிர்ப்பாகப் பெயரை ஆங்கிலமாக மாற்றிக்கொண்ட ஆசாமி. 1930-லிருந்து ஏ.ஐ.இஸட். என்ற தொழிலாளர் படப் பத்திரிகைக்குப் புகைப்படங்களை வெட்டி ஒட்டி 200-க்கு மேல் படங்கள் செய்தார். 1933-ல் நாஜிகள் தேடி வந்தபோது பிராகுக்குத் தப்பினார், பத்திரிகையும் அங்கே போனது.

அவர் 1935 டிசம்பரில் செய்த ஒரு படத்தைத் தேடி எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறது. சுவரில் ஹிட்லர் படம். வால்பேப்பர் முழுக்க ஸ்வஸ்திகா. தட்டில் இருப்பது எல்லாம் இரும்பு. சைக்கிள் ஹேண்டில்பாரைக் கடிக்கிறார்கள், சங்கிலியை மெல்லுகிறார்கள். குழந்தை கோடரியைச் சப்புகிறது. கீழே நாய் ஒரு பெரிய நட்டை நக்குகிறது. தலைப்பு: "ஆஹா, வெண்ணெய் தீர்ந்து போச்சு!" அதன் கீழே சின்ன எழுத்தில் ஹிட்லரின் மந்திரி கோரிங் பேசிய பேச்சு: இரும்புதான் எப்போதும் ஒரு நாட்டை வலுவாக்கியது, வெண்ணெயும் பன்றிக் கொழுப்பும் ஜனங்களுக்குத் தொப்பை போட்டதோடு சரி. ஜெர்மனியில் உணவுத் தட்டுப்பாடு, காசெல்லாம் ஆயுதத்துக்குப் போகிறது, மந்திரி ஹாம்பர்கில் பேசின வாக்கியம் அது.

ஹார்ட்ஃபீல்ட் ஒரு வார்த்தைகூட மந்திரியைத் திட்டவில்லை. "பசிக்கிறதே, மனசாட்சி இல்லையா" என்று கேட்கவில்லை. மந்திரி சொன்னதை அப்படியே நம்பி, சொன்னபடி நடக்கிற ஒரு வீட்டைக் காட்டினார். வாசகம் எதிராளியுடையது, படம் மட்டும்தான் இவருடையது. அவன் சொல்லையும் நம் படத்தையும் ஒரே தாளில் சேர்த்து ஒட்டினால் போதும், நாம் வாய் திறக்க வேண்டியதில்லை.

1932 அக்டோபரில் செய்த இன்னொன்று. "கோடிப் பேர் என் பின்னால் நிற்கிறார்கள்" என்பது ஹிட்லரின் முழக்கம். அவர் சல்யூட் அடிக்கும்போது உள்ளங்கையைத் தோளுக்குப் பின்னால் மடக்குவார் இல்லையா, அந்த நிஜப் புகைப்படத்தை எடுத்தார். பின்னால் ஒரு ராட்சச முதலாளி நின்று அந்தக் கையில் நோட்டுக் கட்டை வைக்கிறார். கோடி என்றது ஆட்களையா பணத்தையா என்று பார்க்கிறவனே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

நம்மூரிலும் இந்த ரசாயனம் தெரிந்ததுதான். 1987-ல் ஆனந்த விகடன் அட்டைப்படத்தில் ஒரு ஜோக். மேடையில் இருக்கிற ரெண்டு பேரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். யார் பெயரும் இல்லை, எந்தக் கட்சிக் கொடியும் இல்லை. சட்டசபை உரிமை மீறல் என்று ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் கடுங்காவல் போட்டார்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி சில நாளிலேயே வெளியே விட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து 1,000 ரூபாய் இழப்பீடு வாங்கினது பிற்பாடு. அந்த அட்டையில் பாதி வேலையை வாசகன் தலைக்குள் விட்டிருந்தார்கள், கோபம் வந்தது அதனால்தான் என்பது என் கட்சி.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: முதலில் வாசகமும் வேண்டாம், படமும் வேண்டாம். எதிராளி என்ன சொல்லி வைத்திருக்கிறான் என்று தேடுங்கள். அரசாணை, டெண்டர், சட்டம், மேடைப் பேச்சு, எதுவானாலும் சரி.

அந்த மஞ்சள் ஸ்ட்ரோக்கைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.


மீம்ஸ் மாரி எழுதியது:

இதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமா சார்? வடிவேலு போட்டோவும் ரெண்டு வரியும் இருந்தா தினமும் இதைத்தான் நாங்க பண்றோம். தலைவர் பேசினதை மேல போடு, கீழ வடிவேலு முழிக்கிறதைப் போடு. முடிஞ்சது.

தேவி அக்கா, மண்டபத்துக்கு வர்றவன் போஸ்டர் முன்னாடி மூணு செகண்ட் நிப்பான். எத்தனை பேர் செத்தாங்க, அந்த நம்பரைப் பெருசா போடுங்க. நம்பர் பேசும்.


டிராயிங் டீச்சர் (நாகை) எழுதியது:

லேஅவுட்காரர் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லாரும் வாசகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் புகைப்படம்தான் உறுத்துகிறது.

தேவி, மேன்ஹோலில் நிற்கும் அந்த மனிதர் யார்? அவரிடம் கேட்டீர்களா? அவர் மகள் பத்தாவது படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் தோழி அந்த மண்டபத்துக்கு வந்தால்? நாம் அனுதாபத்தோடுதான் காட்டுகிறோம், ஆனாலும் அவரை மறுபடி ஒருமுறை அந்தக் குழிக்குள்தானே நிறுத்துகிறோம்.

மார்த்தா ராஸ்லர் என்ற அமெரிக்கக் கலைஞர் 1974-75-ல் இதே சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டார். நியூயார்க்கில் போரி என்று ஒரு தெரு. குடித்துவிட்டு நடைபாதையில் கிடப்பவர்களுக்குப் பேர்போன இடம். புகைப்படக்காரர்கள் வந்து அவர்களைப் படமெடுத்துப் போவது வழக்கமாகவே இருந்தது. ராஸ்லரும் அங்கே போய்ப் படமெடுத்தார், ஆனால் ஒரு மனிதரைக்கூட எடுக்கவில்லை. மூடிய கடை வாசல், படிக்கட்டு, அங்கே கிடக்கும் காலி பாட்டில். அவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் டைப்ரைட்டரில் அடித்த சில சொற்கள், எல்லாம் குடிபோதையைக் குறிக்க ஜனங்கள் பேச்சில் புழங்கும் வார்த்தைகள். விளக்கமும் இல்லை, முழக்கமும் இல்லை. அந்த வேலைக்கு அவர் வைத்த தலைப்பு, "போதாத இரண்டு விவரிப்பு முறைகளில் போரி." படமும் போதாது, சொல்லும் போதாது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். ஆள் இல்லாத அந்த வாசலைப் பார்க்கும்போது "யாரைத் தேடி நான் இங்கே வந்தேன்?" என்ற கேள்வி பார்ப்பவர் பக்கம் திரும்பிவிடும்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தின்போது ஓவியர் சித்தபிரசாத் மேதினிபூர் மாவட்டத்தில் கிராமம் கிராமமாகப் போய் வரைந்தார், பார்த்ததை எழுதவும் செய்தார். கருப்பு மை, தடித்த கோடு. பல ஓவியங்களின் கீழே அந்த ஆளின் பெயரும் ஊரும் கையெழுத்தில் இருக்கும். எலும்பும் தோலுமாகக் கிடப்பவர் "பஞ்சத்தில் அடிபட்டவர்" என்ற பொதுப்பெயராகக் கரைந்துபோகாமல், இன்ன ஊர் இன்ன விவசாயியாகவே இருப்பார். சின்னப் புத்தகமாக அது வெளிவந்ததும் பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. குடும்பத்தாரிடம் தப்பிய ஒரு பிரதியிலிருந்துதான் பல பத்தாண்டுகள் கழித்து மறுபதிப்பு வந்தது.

ஒருவர் படத்திலிருந்து ஆளையே நீக்கிவிட்டார். ஒருவர் ஆளுக்குப் பெயர் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் உங்கள் போஸ்டர், முகம் இருக்கிறது, பெயர் இல்லை. மூன்றில் அதுதான் மோசமான இடம் என்பேன்.

மாரி தம்பி, நம்பர் பேசும் என்பது எல்லா நேரமும் உண்மை இல்லை.


டிடிபி தேவி எழுதியது:

டீச்சர், அந்த போட்டோ நெட்ல எடுத்ததுங்க. யாருன்னே தெரியாது. எடுத்துடறேன்.

ஐயா சொன்ன மாதிரி சட்டத்தைத் தேடினேன். சங்கத்துல, மனுஷன் கையால மலம் அள்றதைத் தடை பண்ற 2013-ம் வருஷ சட்டமும் அதோட விதிகளும் ஜெராக்ஸ் குடுத்தாங்க. 7-ம் பிரிவுல, சாக்கடை, செப்டிக் டேங்கை "அபாயகரமா சுத்தம் பண்ற" வேலைக்கு யாரையும் வைக்கக் கூடாதுன்னு இருக்கு. மீறினா முதல் தடவை ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்லாட்டி ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்லாட்டி ரெண்டும். சரின்னு பார்த்தா, "அபாயகரமா"ன்னா என்னன்னு சட்டமே சொல்லுது. பாதுகாப்புச் சாதனம் குடுக்காம, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம இறக்கினாத்தான் அபாயகரம். அப்ப சாதனம் குடுத்துட்டா இறக்கலாம்னு ஆயிருதுல்ல?

விதிகள்ல அந்தச் சாதனங்களுக்குப் பட்டியலே இருக்குதுங்க. நாப்பதுக்கு மேல வருது. நாலு வாயுவை அளக்கிற கேஸ் மானிட்டர், காற்று ஊதற புளோயர், மூச்சுக் கருவி, உடம்பு முழுக்க மூடற வேடர் சூட், கம்பூட்ஸ், ஹெட் லேம்ப், சேஃப்டி டிரைபாட், அஞ்சு மீட்டர் நைலான் கயிறு ஏணி, தோலுக்குத் தடவற கிரீம், பாக்கெட் நோட்டுப் புத்தகம்கூட இருக்கு!

சங்கத்துல ஒரு அண்ணன்கிட்ட இந்தப் பட்டியலைப் படிச்சுக் காட்டினேன். அவர் சிரிச்சாருங்க. "எங்களுக்குக் குடுத்தது மூங்கில் பிளாச்சு, பக்கெட்டு, தேங்கா நார்க் கயிறு. அப்புறம் ஒரு குவார்ட்டரு. அது இல்லாம உள்ள மூக்கைக் குடுக்க முடியாது"ன்னார்.

இதுல போஸ்டர் இருக்குன்னு எனக்குத் தோணுது. எப்படின்னு பிடிபடல. அப்புறம், க்ரூகர் ஸ்டைல் பத்தி யாருமே சொல்லலீங்களே.


பழைய லேஅவுட்காரன் எழுதியது:

போஸ்டர் கிடைத்துவிட்டது தேவிம்மா. கொஞ்சம் பொறுங்கள், முதலில் க்ரூகர்.

அந்த அம்மாவும் நம்ம ஜாதிதான், லேஅவுட் ஜாதி. மாடமோசல் என்ற பெண்கள் பத்திரிகையில் டிசைனராகச் சேர்ந்தவர். பெண்ணின் படத்தை எப்படி வெட்டினால், எங்கே எழுத்தை வைத்தால் வாசகி பக்கத்தைத் திருப்பாமல் பார்ப்பாள், எதைப் பார்த்துச் சோப்பும் சட்டையும் வாங்குவாள் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. வெளியே வந்து அதே வித்தையை அந்த விளம்பரங்களுக்கு எதிராகவே திருப்பினார். ஃப்யூச்சரா போல்டு சாய்வெழுத்து, சிவப்புப் பட்டை, பழைய பத்திரிகைகளில் வெட்டின கருப்பு வெள்ளைப் படம். அந்தக் கூச்சல் மொழி விளம்பரத்திலிருந்து வந்தது. நான் மேலே சொன்ன எதிராளி வாசகம் விவகாரம்தான் இங்கும், க்ரூகர் திருடினது வாசகத்தை இல்லை, எதிராளியின் குரலை.

1989 ஏப்ரலில் வாஷிங்டனில் கருக்கலைப்பு உரிமைக்காகப் பெண்கள் பேரணி நடந்தது. அதற்காகச் செய்த போஸ்டர்தான் "உன் உடம்பு ஒரு போர்க்களம்." ஒரு பெண் முகம், நேராக நம்மைப் பார்க்கிறது. நட்ட நடுவில் செங்குத்தாகப் பிளந்து ஒரு பாதி சாதாரணப் படம், மறுபாதி நெகட்டிவ். "பெண்களின் உடல்" என்று எழுதியிருந்தால் அது தலையங்கம் ஆகியிருக்கும். "உன்" என்று போட்டதால், சுவர் முன்னால் நடந்து போகிறவளை நிறுத்திப் பேசுகிறது. ஆண் படித்தால் "உன்" என்றது யாரை என்று ஒரு கணம் தடுமாறுவான்.

ஆனால் தேவிம்மா, அந்த ஸ்டைலை நீங்கள் எடுக்க வேண்டாம். "வாங்குகிறேன், ஆகவே இருக்கிறேன்" என்று 1987-ல் நுகர்வைக் கிண்டல் செய்தவரின் சிவப்புப் பட்டையைத்தான் சுப்ரீம் என்ற துணிக் கம்பெனி தன் லோகோவாக்கியது. இன்றைக்கு அதன் டூப்ளிகேட் டி-ஷர்ட் திருப்பூர் பக்கம் நடைபாதையிலேயே கிடைக்கும், உங்களுக்கே தெரியும். ஈரோட்டில் அதை மாட்டினால் பையன்கள் பிராண்டு என்று நினைப்பார்கள். அவர் தனக்குப் பழக்கமான அதிகாரத்தின் குரலை எடுத்தார். சாக்கடை மரணத்தில் எந்தக் குரல் பேசுகிறது? அரசிதழின் குரல்.

அதனால் அந்தப் பட்டியலை அப்படியே போடுங்கள். வரிசை எண்ணோடு, மெல்லிய கட்டம் போட்டு, அரசிதழில் வருகிற மாதிரி வறட்டு எழுத்தில். ஆச்சரியக்குறி கிடையாது, சிவப்புக் கிடையாது. எழுத்துக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தரையில் மூங்கில் பிளாச்சு, பக்கெட், கயிறு. மேலிருந்து நேராக, நிழல் விழாமல் எடுங்கள், பாத்திரக் கடை கேட்லாக்கில் எடுப்பார்களே அந்த மாதிரி. வாசகம் எழுதவே வேண்டாம். அரசாங்கம் எழுதித் தந்துவிட்டது.

மாரி தம்பிக்கு ஒரு வார்த்தை. நம்பர் பேசும், அதற்கு ஒரு படம் துணைக்கு வந்தால். கொரில்லா கேர்ள்ஸ் என்று நியூயார்க்கில் ஒரு கூட்டம், 1985-லிருந்து மனிதக் குரங்கு முகமூடி போட்டுக்கொண்டு கலை உலகத்தை வம்புக்கு இழுப்பவர்கள். 1989-ல் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குள் போய் எண்ணினார்கள். நவீன கலைப் பகுதியில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் நிர்வாணப் படங்களில் 85 சதவீதம் பெண்கள். ஆங்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1814-ல் வரைந்த புகழ்பெற்ற நிர்வாண அழகி, படுத்தபடி முதுகைக் காட்டித் திரும்பிப் பார்ப்பாள். (அந்த ஓவியம் இருப்பது பாரிஸில், மெட்டில் இல்லை. அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை.) அவள் தலைக்குக் குரங்கு முகமூடியை மாட்டி, "மெட் மியூசியத்துக்குள் நுழையப் பெண்கள் நிர்வாணமாக இருக்கணுமா?" என்று கேட்டு, பக்கத்தில் அந்த இரண்டு நம்பர். விளம்பரப் பலகைக்காகக் கேட்டவர்களே வேண்டாம் என்று தள்ளிவிட, இவர்கள் காசு கட்டி நியூயார்க் பஸ்களில் ஒட்டினார்கள். பஸ் கம்பெனியும் கொஞ்ச நாளில் எடுத்துவிட்டது. அழகி கையில் இருப்பது விசிறி மட்டும்தானா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம்.

அந்த 85-ஐத் தனியாக எழுதி ஒட்டியிருந்தால் யார் நிற்பார்கள்? சமீபத்தில் திரும்ப எண்ணினார்களா என்று யாராவது கேட்கலாம். 2012-ல் எண்ணியபோது பெண் கலைஞர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணத்தில் 76 சதவீதம். போஸ்டர் மியூசியத்தைத் திருத்தவில்லை. போஸ்டரிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.


மீம்ஸ் மாரி எழுதியது:

சரி சார், ஒத்துக்கறேன், இது கெத்து.

ஆனா குவார்ட்டர் பாட்டிலை ஏன் விட்டீங்க? அந்த அண்ணன் சொன்னதுலயே அதுதான் மேட்டரு. பிளாச்சு, பக்கெட்டு, கயிறு, குவார்ட்டர். நாலையும் வரிசையா வச்சாத்தான் படம் முழுசாகும். கேஸ் மானிட்டருக்கு எதிர்ல குவார்ட்டர்!


டிராயிங் டீச்சர் (நாகை) எழுதியது:

வேண்டாம். பாட்டிலைப் பார்த்ததும் "குடிச்சிட்டு இறங்கினான், செத்தான்" என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராக நிற்கிறது. சாவுக்கான பழியைச் செத்தவர் தலையிலேயே கட்டுவார்கள். இழப்பீட்டுப் பேச்சில் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

ராஸ்லரின் பாட்டில் வேறு. அங்கே பாட்டிலுக்குப் பக்கத்தில் சொற்கள் இருந்தன, பார்ப்பவரைக் குழப்புவதற்கு. இங்கே பட்டியல் தெளிவாகப் பேசுகிறது, அந்தத் தெளிவுக்குள் ஒரு பாட்டில் வந்தால் அதுவும் குற்றச்சாட்டாகத்தான் படிக்கப்படும்.

எழுத்தைப் பற்றியும் ஒன்று. அரசிதழ் எழுத்து இந்த ஒரு போஸ்டருக்குச் சரி. ஏழெட்டும் அப்படியே இருந்தால் மண்டபம் தாலுகா ஆபீஸ் ஆகிவிடும். அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் பீமாயணா என்ற சித்திர நூலைப் பாருங்கள், 2011-ல் வந்தது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம், மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஓவியர்கள். கதாபாத்திரங்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம், மூச்சு முட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் படக்கதைகளில் வழக்கமாக இருக்கும் கட்டங்களே அதில் இல்லை. எனக்குப் பிடித்தது பேச்சுக் குமிழ்கள். சாதுவாகப் பேசுகிறவர்களின் சொற்கள் பறவை வடிவக் குமிழில் இருக்கும். தீண்டாமை பேசுகிறவர்களின் குமிழுக்குத் தேள் கொடுக்கு வால். படிக்கத் தெரியாத குழந்தைகூட எந்தச் சொல் கொட்டும் என்று கண்டுபிடித்துவிடும். என் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி அவரவர் கேட்ட வசவுக்குக் குமிழ் வரையச் சொன்னேன். ஒரு பையன் தன் குமிழுக்கு வாலே போடவில்லை. சொன்னவர் வாத்தியார், அதனால் வால் தெரியாது என்றான்.

சங்கத்துப் பிள்ளைகளையே வரையச் சொல்லி ஒரு போஸ்டர் செய்யுங்களேன்.


டிடிபி தேவி எழுதியது:

நேத்து சாயங்காலம் சங்க ஆபீஸுக்குப் போயிட்டு வந்தேங்க. பட்டியல் போஸ்டரை ஏ3-ல பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். ரெண்டு மாதிரி. ஒண்ணுல பாட்டில் இருக்கு, ஒண்ணுல இல்லை. எதுவும் சொல்லாம சுவத்துல ஒட்டிட்டு உக்காந்துட்டேன்.

முதல்ல யாரும் பொருளைப் பார்க்கல. பட்டியலைப் படிச்சாங்க. ஒரு பெரியவர் விரலை வச்சு ஒவ்வொண்ணா, இது என்ன, அது எப்படி இருக்கும்னு கேட்டார். டிரைபாட்னா என்னன்னு போன்ல படம் காட்டினேன். "இது இருந்தா ஆளை மேல இழுத்துரலாமில்ல"ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

பாட்டில் விஷயத்துல ஆம்பளைங்க டீச்சர் சொன்னதைத்தான் சொன்னாங்க, வேண்டாம்னு. வீட்டுக்காரரைப் பறிகுடுத்த ஒரு அக்கா மட்டும் விடல. "அதைக் குடிக்காம அவரு இறங்கினதே இல்லை. காண்ட்ராக்டர் பில்லுல அதுவும் சேந்துதான் வரும். அதையும் பட்டியல்ல போடு கண்ணு, அவன் குடுத்த சாதனம்தானே"ங்கறாங்க. கடைசியில முடிவு இதுங்க: கீழ் வரிசையில பிளாச்சு, பக்கெட்டு, கயிறு, பாட்டில் நாலுக்கும் அரசிதழ் மாதிரியே நம்பர் போட்டு, "வழங்கியவர்: ஒப்பந்ததாரர்"னு ஒரே வரி. டீச்சர், உங்களுக்கு இது சரியா வருமா?

இன்னொரு போஸ்டருக்கு இழப்பீட்டுத் தொகை எடுத்திருக்கேன். உச்ச நீதிமன்றம் 2014-ல 10 லட்சம்னு சொன்னது, 2023 அக்டோபர்ல 30 லட்சம்னு உயர்த்தினது. ரூ. 30,00,000-ன்னு மட்டும் போட்டு, படத்துக்குப் பதிலா வெறும் மேன்ஹோல் மூடி. அதுவும் ரேஷன் கடை விலைப் பலகை மாதிரி. அதுக்கு வீட்டுக்காரங்க ஒத்துக்குவாங்களான்னு தெரியல, இன்னும் கேட்கல.


டிராயிங் டீச்சர் (நாகை) எழுதியது:

அந்த அக்கா சொன்ன பிறகு நான் எதுவும் சொல்வதற்கில்லை. "வழங்கியவர்" என்ற வரி பாட்டிலின் திசையை மாற்றிவிட்டது. போடுங்கள்.

விலைப் பலகை போஸ்டர் மட்டும் குடும்பத்தார் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போக வேண்டும். அவர்களில் இன்னும் பணம் வராதவர்களும் இருப்பார்கள்.


பழைய லேஅவுட்காரன் எழுதியது:

பட்டியலின் எழுத்தை 14 பாயின்டுக்குக் கீழே இறக்காதீர்கள், விரல் வைத்துப் படித்தாரே அந்தப் பெரியவருக்காக. நாப்பது வரியும் 20க்கு 30 அங்குலப் போஸ்டரில் தாராளமாக அடங்கும்.

ஃப்ளெக்ஸில் அடிக்காதீர்கள். பளபளப்பு வந்ததும் மறுபடி கட்சி பேனராகிவிடும், டியூப்லைட் வெளிச்சம் வேறு பட்டு எழுத்து தெரியாது. மேட் பேப்பரில் ஆஃப்செட் முடிந்தால் நல்லது, பிரதி கொஞ்சம்தான் என்றால் டிஜிட்டல் பிரிண்டே போதும். கருப்பு மட்டும், ஒற்றை வண்ணம். செலவும் குறையும். பாட்டில் லேபிளில் கம்பெனிப் பெயர் தெரிந்தால் அழித்துவிடுங்கள், வீண் வழக்கு வேண்டாம்.


மீம்ஸ் மாரி எழுதியது:

அக்கா, தொறக்கிற தேதியும் மண்டபமும் போடுங்க. நாங்க கோயமுத்தூர்ல இருந்து ஒரு வண்டியில வர்றோம்.